கோபுரத்தை உயர்த்தினால் வாடை நிற்குமா?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அமோனியா வாடையை நான் விளக்கத் தேவையில்லை. ரப்பர் பால் உறைந்துவிடாமல் இருக்கச் சேர்க்கும் மருந்து அது. இந்த வாயு காற்றோடு வெளியேறும் தொழிற்சாலைகளில், அதைக் கழுவி எடுக்க உயரமான உருளைக் கோபுரம் ஒன்று வைப்பதுண்டு. உள்ளே சிறு வளையங்களை நிரப்பியிருப்பார்கள். மேலிருந்து தண்ணீர் அவற்றை நனைத்தபடி இறங்கும். கீழிருந்து காற்று ஏறும். இரண்டும் சந்திக்கும்போது அமோனியா தண்ணீரில் கரைந்துவிடும்.

வாடை நிற்கவில்லை என்று அக்கம்பக்கத்தார் புகார் செய்தால், "கோபுரத்தை இன்னும் உயர்த்துவோம்" என்ற யோசனைதான் முதலில் எழும். தண்ணீர் சமமாக விழாததுதான் கோளாறு என்றால், அந்தச் செலவு வீண்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 1,000 பங்கு அமோனியாவில் 1 பங்குதான் தப்பலாம் என்பது இலக்கு. கோபுரத்தின் ஒரு பகுதி நனையாமல் கிடக்க, நூற்றில் ஒரு பங்கு காற்று அதன் வழியே, மற்றதோடு கலக்காமல் ஏறிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலேயே 10 பங்கு போய்விட்டது! மறுபக்கம் எவ்வளவு தண்ணீர் கொட்டினாலும் அந்த 10 பங்கைப் பிடிக்க முடியாது. மொத்தத் தண்ணீர் சரியாகத்தானே இருக்கிறது என்ற வாதம் இங்கே எடுபடாது. 90 விழுக்காடு பிடித்தால் போதும் என்ற வேலையில் இதே குறை கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

தண்ணீர் ஏன் சமமாக விழுவதில்லை? உச்சியில் துளையிட்ட தட்டு ஒன்று இருக்கும். அதில் 50 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கிறது என்போம். தட்டு சாய்ந்து ஓர் ஓரம் 10 மில்லிமீட்டர் தாழ்ந்து, எதிர் ஓரம் அதே அளவு உயர்ந்தால், உயர்ந்த பக்கத்தைவிடத் தாழ்ந்த பக்கத் துளைகளில் சுமார் 22 விழுக்காடு அதிகமாக ஒழுகும். துளை அடைத்துக்கொள்வதும் உண்டு.

இன்னொரு தொல்லை, இறங்க இறங்கத் தண்ணீர் சுவரை நாடுவது. சுவரைச் சேர்ந்தது எளிதில் உள்ளே திரும்பாது. 1935ஆம் ஆண்டிலேயே பேக்கர், சில்டன், வெர்னன் மூவரும் இதை ஆராய்ந்தார்கள். வளையத்தின் அளவு கோபுர விட்டத்தில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்ற விதி இன்றும் சொல்லப்படுகிறது. ஆகவே, இடையில் தண்ணீரைத் திரட்டி மறுபடி பரப்பாமல் உயரத்தை மட்டும் கூட்டினால் குறை வளரும்.

கோபுரத்தை மூடுமுன் தட்டின்மேல் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். தண்ணீர் விட்டு, ஒரே அளவுப் பாத்திரங்களைப் பல துளைகளின்கீழ் ஒரே நேரம் பிடித்து அளந்து பாருங்கள். மூடிய பிறகு இதைச் செய்ய வேண்டுமென்றால் உற்பத்தியை நிறுத்தி, வாயுவை வெளியேற்றி, ஆளை உள்ளே இறக்க வேண்டும்.