துளியை அறுக்கும் கணக்கு

குழாயின் வாயில் திரண்டு தொங்கிப் பின் தன் பாரம் தாளாமல் அறுந்து விழுகிற நீர்த்துளி, மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 20 என்ற கணக்கில் விழுகிறது. அதனினும் சிறிய துளி வேண்டுமென்று துவாரத்தைக் குறுக்கிக்கொண்டே போனால், துளியைக் கீழே இழுக்கும் பூமியின் ஆகர்ஷணம் அற்பமாகிப்போக, அதைப் பிடித்து வைத்திருக்கும் பரப்பு இழுவிசையே சர்வாதிகாரம் செலுத்தத் தொடங்கிவிடுகிறது. ஆகையால், மயிரிழையளவு துவாரத்தில் நிற்கும் திரவத்தை உதைத்துத்தான் வெளியேற்ற வேண்டும்.

அந்த உதை 1977-இல் ஜப்பானில், கேனன் கம்பெனியின் ஆராய்ச்சிசாலையில் தற்செயலாக அகப்பட்டது. ஈயம் பற்றவைக்கும் கோலின் சூடான முனை, மை நிரம்பிய ஊசியின்மேல் பட்டதும் மை பீறிட்டதைக் கண்ட இச்சிரோ எண்டோ என்ற ஆராய்ச்சியாளர், அதை விபத்தென்று ஒதுக்காமல் காரணத்தைத் துருவினார். அதிலிருந்து பிறந்த அச்சுப்பொறியில், துவாரத்தின் பின்னேயுள்ள சிறு தகட்டில் சில மைக்ரோ விநாடிகளே மின்சாரம் பாய, தகட்டையொட்டிய மெல்லிய மைப்படலம் மாத்திரம் சுமார் 300 டிகிரிக்குச் சூடேறி, ஆவிக்குமிழாக வெடித்து, முன்னாலுள்ள மையைத் தள்ளுகிறது. குமிழ் தோன்றுவதைவிட அது ஒடுங்குவதே இதில் ரசமான கட்டம்: ஒடுங்கும் வேகத்தில், வெளியேறிய துளியின் வாலை அறுத்து எஞ்சியதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. வெப்பத்துக்கு அஞ்சும் திரவங்களாயின், மின்னழுத்தத்தால் சுருங்கி விரியும் ஸ்படிகத்தைக் கொண்டு இதே காரியத்தைச் செய்விக்கலாம்.

இவ்வாறு பிறக்கும் 10 பிகோலிட்டர் துளியின் குறுக்களவு சுமார் 27 மைக்ரான். குழாய்த்துளி ஒன்றில் இத்தகையவை 50 லட்சம் அடங்கும். சிரமமெல்லாம் அந்த வாலில்தான். நீண்ட திரவ இழை நிலைபெறாது மணிமணியாக முறியும் என்பதை ராலே பிரபு 1878-இலேயே கணித சாஸ்திரத்தால் நிரூபித்திருக்கிறார். வால் அவ்விதம் முறிந்தால் உபதுளிகள் சிதறும். காகிதத்தில் அது வெறும் கறை. மருந்துப் பரிசோதனையிலோ அளவே பிசகிவிடும். துவாரத்தின் முகம் சற்று நனைந்திருந்தாலும் துளி கோணிப் பறக்கும் என்பதனால், திரவம் ஒட்டாத பூச்சும் அங்கே பூசுகிறார்கள்.

தனித்துளியை நிறுக்கத் தராசு இல்லை. லட்சக்கணக்கில் விழச்செய்து, மொத்த எடையை எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். அதற்குள், அறைக்காற்றில் ஓரிரு விநாடிகளிலேயே உலர்ந்துவிடும் இத்துளிகள் கணக்கைக் குலைக்காதபடி ஆவியாதலையும் தடுக்க வேண்டும். துவாரத்தின் வாயிலும் இதே ஆவியாதல் நடந்து மை தடிப்பதால்தான், சும்மா கிடந்த பொறி வேலை தொடங்குமுன் சில துளிகளை ஓரமாகத் துப்பிவிடுகிறது. விலையுயர்ந்த மை வீணாகிறதே என்று அங்கலாய்ப்பவர்கள் இதையும் கணக்கில் கொள்ளலாம்.