மணி என்ன?

சுரங்கமும் அனல் மின் நிலையமும் இரவு பகலாக மூன்று ஷிப்டுகளில் இயங்கும் நம் நெய்வேலியில், "மணி என்ன?" என்ற கேள்விக்குத் தவறாக விடையளித்தால் ஒருவரது ஷிப்டே தவறிவிடும். ஆகவே ஆங்கிலத்தில் மணி கூறும் முறைகளை நாம் செவ்வனே அறிதல் வேண்டும்.

'ஆறே முக்கால்' என்று நாம் கடந்த மணியோடு கூட்டிச் சொல்கிறோம். ஆங்கிலேயரோ வரப்போகும் மணியிலிருந்து கழித்து, 'குவார்ட்டர் டு செவன்' என்பர். அரை மணி வரை 'பாஸ்ட்', அதன் பின் 'டு' என்பதே விதி. 'சிக்ஸ் ஃபார்ட்டி ஃபைவ்' என்று எண்களை வரிசையாகச் சொன்னாலும் சரியே. பிரிட்டனில் பேச்சு வழக்கில் 'ஹாஃப் சிக்ஸ்' என்றால் ஆறரை. ஜெர்மன் மொழியிலோ 'அரை ஆறு' என்றால் ஐந்தரை!

ஏ.எம்., பி.எம். என்பவை 'நண்பகலுக்கு முன்', 'நண்பகலுக்குப் பின்' எனப் பொருள்படும் லத்தீன் தொடர்களின் சுருக்கங்கள். நண்பகல் 12 மணி இவ்விரண்டிலும் அடங்காது. எனவே 'நூன்', 'மிட்நைட்' என்பதே தெளிவு.

ரயில்வேயில் 24 மணிக் கணக்கு வழங்குகிறது. ஞாயிறு இரவு 12.10 என்று நாம் சொல்லும் வண்டி, பயணச்சீட்டில் திங்கள் 00.10 ஆகும். ஞாயிறு தேதிக்குச் சீட்டு வாங்கியவர் அன்றிரவு நிலையத்திற்குச் சென்றால், அவரது வண்டி முந்தைய இரவே போயிருக்கும்!

ஆகவே தோழியரே, மணியோடு நாளையும் சேர்த்தே கேட்போம்.