ஒரு மாத லீவும் ஆறு நாள் வாய்ப்பும்

கொச்சி வைட்டிலா மொபிலிட்டி ஹப்பில் கல்ஃப்காரர்களை அடையாளம் காண்பது எளிது. நெடும்பாசேரியில் விமானம் இறங்கி, நைலான் கயிறு சுற்றிய அட்டைப்பெட்டியோடு ஊருக்குப் பேருந்து மாறுகிறவர்கள் ஒரு பக்கம். லீவு முடிந்து அதே வழியில் திரும்பிப் போகிறவர்கள் இன்னொரு பக்கம். வருவதற்கும் போவதற்கும் நடுவில் முப்பது நாள், மிஞ்சினால் நாற்பத்தைந்து நாள். அதற்குள் வீட்டு வேலை ஒன்றை முடிக்க வேண்டும், தங்கையின் கல்யாணத்தைப் பேச வேண்டும், பேங்க் கடனைப் பார்க்க வேண்டும். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தால், கணவனும் மனைவியுமாக ஒரு குழந்தைப்பேறு மருத்துவமனைக்கும் போய் வர வேண்டும்.

அந்தக் கடைசி வேலை பெரும்பாலும் ஒரு தப்புக் கணக்கில் தொடங்குகிறது. "கல்யாணமாகி எத்தனை வருடம்?" என்று மாமியார் கேட்கிறார், பக்கத்து வீட்டார் கேட்கிறார்கள், மருத்துவமனை விண்ணப்பத்தாளும் கேட்கிறது. கருத்தரிப்புக்கும் கல்யாணத் தேதிக்கும் சம்பந்தம் இல்லை. இருவரும் ஒரே வீட்டில் எத்தனை மாதம் இருந்தார்கள் என்பதுதான் கேள்வி. உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையும் அதைத்தான் சொல்கிறது: கருத்தடை எதுவும் இல்லாமல், பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ சீராக உடலுறவு கொண்டும் கரு உண்டாகவில்லை என்றால்தான் அது குழந்தையின்மை. மூன்று வருட மண வாழ்க்கையில் மூன்று லீவு மட்டுமே சேர்ந்து வாழ்ந்தவர்கள் அந்தப் பன்னிரண்டு மாதத்தில் பாதியைக்கூடத் தொட்டிருக்க மாட்டார்கள்.

இது ஏதோ சிலருடைய பிரச்சினை இல்லை. திருவனந்தபுரத்தின் வளர்ச்சி ஆய்வு மையத்தில் கே.சி.சக்கரியாவும் எஸ்.இருதய ராஜனும் 1998-இல் தொடங்கிய கேரளப் புலம்பெயர்வு ஆய்வு, 2018-ஆம் ஆண்டுச் சுற்றில் வெளிநாட்டில் வாழும் கேரளத்தவரை ஏறத்தாழ 21 லட்சம் என்று கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலோர் வளைகுடா நாடுகளில் இருப்பவர்கள். தமிழ்நாட்டில் 2015-இல் நடந்த இதே போன்ற ஆய்வில் கிடைத்த எண்ணிக்கை சுமார் 22 லட்சம். கீழக்கரையிலும் கடையநல்லூரிலும் மலப்புறத்திலும் மனைவியை ஊரில் விட்டுவிட்டுப் போன ஆண்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு. அந்தப் பெண்களின் வாழ்க்கையைப் பற்றி லீலா குலாட்டி 1993-இலேயே ஒரு முழுப் புத்தகம் எழுதிவிட்டார். அவர்களுடைய கருத்தரிப்புக் கணக்கைத்தான் நாம் இன்னும் சரியாகப் போடவில்லை.

அந்தக் கணக்குக்கான அடிப்படை வேறோர் இடத்தில் கிடைக்கிறது. அமெரிக்காவின் வடக்குக் கரோலினாவில் 1980-களின் தொடக்கத்தில் 221 பெண்கள் ஒரு காரியம் செய்தார்கள். குழந்தை வேண்டும் என்று முடிவெடுத்த நாளிலிருந்து தினமும் காலையில் எழுந்ததும் முதல் சிறுநீரைச் சிறு குப்பியில் பிடித்து, வீட்டு ஃப்ரீசரில் வைத்தார்கள். உடலுறவு கொண்ட நாட்களையும் குறித்துவைத்தார்கள். ஆலன் வில்காக்ஸ், கிளாரிஸ் வைன்பெர்க், டோனா பேர்ட் என்ற ஆய்வாளர்கள் மூவரும் அந்தக் குப்பிகளில் ஹார்மோன் அளவுகளைப் பார்த்து, ஒவ்வொரு மாதமும் கருமுட்டை எந்த நாளில் வெளிவந்தது என்று கண்டுபிடித்தார்கள். 1995-இல் வெளிவந்த முடிவு இது: கரு உண்டானதெல்லாம் ஆறு நாட்களுக்குள் நடந்த உறவினால். முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும்தான் அந்த ஆறு. ஐந்து நாள் முன்னால் உறவு கொண்டவர்களுக்கு வாய்ப்பு சுமார் 10 சதவீதம்; முட்டை வெளிவந்த நாளன்று 33 சதவீதம். மறுநாள் ஒன்றுமே இல்லை.

ஏன் இப்படி முன்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது? முட்டைக்கு ஆயுள் குறைவு. சினைப்பையிலிருந்து வெளியே வந்தபின் அது 12 முதல் 24 மணி நேரம்தான் கருவுறும் நிலையில் இருக்கும். விந்தணு அப்படி இல்லை. சரியான சூழல் கிடைத்தால் பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை தாக்குப்பிடிக்கும். அந்தச் சூழலை உண்டாக்குவது கருப்பை வாயில் சுரக்கும் திரவம். மாதத்தின் பெரும்பகுதியில் அது கெட்டியாக இருந்து வழியை அடைத்துவிடும். முட்டை முதிரும் நாட்களில் ஈஸ்ட்ரோஜன் கூடும்போது பச்சை முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி தெளிவாகி, இரண்டு விரலுக்கு நடுவே நூலாக இழுபடும். பெண் தானே கவனித்துத் தெரிந்துகொள்ளக்கூடிய, காசில்லாத அடையாளம் இது. நம் வீடுகளில் யாரும் பெண் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை, சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கோடிக்கணக்கில் புறப்படும் விந்தணுக்களில் கருக்குழாயின் அகன்ற பகுதியை எட்டுவது சில நூறுதான். போய்ச் சேர்ந்ததும் எதுவும் உடனே முட்டைக்குள் நுழைந்துவிட முடியாது. பெண்ணின் உடலுக்குள் சில மணி நேரம் இருந்து பக்குவப்பட்டால்தான் அந்தத் திறன் வரும். 1951-இல் இதை எம்.சி.சாங், சி.ஆர்.ஆஸ்டின் இருவரும் தனித்தனியாகக் கண்டறிந்தார்கள். ஆகவே முட்டை வெளிவருவதற்கு முன்பே விந்தணு அங்கே காத்திருப்பதுதான் நல்லது. ஒரு விந்தணு நுழைந்தவுடன் முட்டையின் மேலுறை மாறி மற்றவற்றைத் தடுத்துவிடும். பிறகு கரு பிரிந்து வளர்ந்துகொண்டே மெல்லக் கருப்பைக்கு வந்து, ஒரு வாரத்திற்கு மேல் கழித்து உட்சுவரில் பதிகிறது. குப்பிகளில் சிறுநீர் சேர்த்த அதே வடக்குக் கரோலினாப் பெண்களைப் பற்றி 1988-இல் வந்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. உண்டான கருக்களில் 22 சதவீதம், மருத்துவ ரீதியாகத் தெரியவருவதற்கு முன்பே கலைந்துவிட்டன. அந்த மாதவிடாய் வழக்கமானதாகத் தோன்றும், அல்லது சில நாள் தள்ளி வரும், அவ்வளவுதான். அதில் அந்தப் பெண் செய்த தவறு எதுவும் இல்லை.

"பதினான்காம் நாள்" என்று பலரும் மனப்பாடமாகச் சொல்வதைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு. முட்டை வெளிவந்த பிறகு அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும் என்பதுதான் ஓரளவு நிலையானது. அதற்கு முந்தைய பகுதி ஆளுக்கு ஆள், மாதத்துக்கு மாதம் மாறும். 28 நாள் சுழற்சி உள்ளவருக்குப் பதினான்காம் நாள் வரலாம். 35 நாள் சுழற்சி உள்ளவருக்கு இருபத்தொன்றாம் நாளுக்குப் பக்கத்தில் வரும். அதே குப்பிகளை வைத்து 2000-இல் வெளியான கட்டுரை, கருத்தரிக்கும் ஆறு நாளும் பத்திலிருந்து பதினேழாம் நாளுக்குள் அடங்கியது சுமார் 30 சதவீதப் பெண்களுக்குத்தான் என்று காட்டியது. நாள் எண்ணித் தேதி குறிப்பதைவிட, மாதவிடாய் நின்றதிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் சேர்ந்திருப்பது எளிது, மனசுக்கும் இதம். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் எல்.எச். பரிசோதனைப் பட்டை, முட்டை வெளிவர ஒன்றரை நாள் இருக்கும்போதே காட்டிக்கொடுக்கும். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையான பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு மட்டும் அது தவறாகவும் காட்டலாம்.

இப்போது லீவுக் கணக்குக்கு வருவோம். ஆரோக்கியமான இளம் தம்பதிக்கு ஒரு சுழற்சியில் கரு உண்டாகும் வாய்ப்பு 20 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். நாற்பது நாள் லீவில் கருத்தரிக்கும் நாட்கள் ஒரு முறை நிச்சயம் வரும், சில சமயம் இரண்டு முறை. மூன்று வருடத்தில் மொத்தம் நான்கு சுழற்சி என்று எடுத்துக்கொண்டால், நான்கிலும் தவறிப்போகும் வாய்ப்பு 0.8-ஐ நான்கு முறை பெருக்கினால் கிடைப்பது: 0.41. உடலில் எந்தக் குறையும் இல்லாத நூறு தம்பதிகளில் நாற்பத்தொரு தம்பதிகளுக்கு மூன்றாம் ஆண்டு முடிவிலும் கரு உண்டாகியிருக்காது. அந்த நாற்பத்தொரு பேரையும் ஊர் மலடு என்று சொல்லும். அவர்களில் பலர் ஐ.வி.எஃப். விலைப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் கணக்குப் பார்த்திருப்பார்கள்.

ஆணின் பக்கம் பேசாமலே விடப்படும் விஷயம் ஒன்று உண்டு. விந்தணு முழுதாக உருவாகி, வெளியேறத் தயாராக இரண்டரை முதல் மூன்று மாதம் ஆகும். இன்று கோப்பையில் பிடிக்கும் மாதிரி, மூன்று மாதம் முன்னால் அவர் உடம்பு எப்படி இருந்தது என்பதன் பதிவு. விரைகள் உடம்புச் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குறைந்த நிலையில்தான் ஒழுங்காக வேலை செய்யும். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30-லிருந்து 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அப்படியானால் மற்ற நேரத்து வெயில் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ரொட்டிச் சூளை, வெல்டிங், நாள் முழுக்க லாரி ஓட்டுவது எல்லாம் இதே பிரச்சினையைத் தரக்கூடியவை. நல்ல காய்ச்சல் ஒன்று வந்து போனாலே எண்ணிக்கை சில மாதத்துக்குக் குறையும். ஆகஸ்டு வெயிலில் நின்றுவிட்டு அக்டோபரில் ஊருக்கு வந்து, முதல் வாரத்தில் செய்த ஒரே ஒரு பரிசோதனையை வைத்து ஒருவருக்கு வாழ்நாள் தீர்ப்பு எழுதுவது அநியாயம். முடிவு குறைவாக வந்தால் இடைவெளி விட்டு இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

ஜிம்முக்குப் போகும் இளைஞர்களுக்கு ஒரு எச்சரிக்கை: தசை கூட்ட ஏற்றிக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி, விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் மூளை விரைகளுக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திக்கொள்கிறது. ஆண்மை கூடும் என்று நம்பிப் போட்டுக்கொண்டவர்களின் பரிசோதனையில் விந்தணுவே இல்லாமல் போவதுண்டு.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. லீவு நாட்களைப் பரிசோதனைக்குச் செலவழிக்கக் கூடாது. கணவர் வருவதற்கு முன்பே மனைவியின் தைராய்டு, புரோலாக்டின், ஸ்கேன் எல்லாம் பார்த்துவிடலாம். கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் எச்.எஸ்.ஜி. பரிசோதனையை மாதவிடாய் நின்ற பிறகு, முட்டை வெளிவருவதற்கு முன்பு செய்ய வேண்டும். அதுவரை கரு உண்டாகக் கூடாது என்பதால் உறவைத் தள்ளிவைக்கச் சொல்வார்கள். அதை லீவு மாதத்தில் செய்தால் அந்தச் சுழற்சியின் நல்ல நாட்கள் பறிபோகும். நம் நாட்டில் இந்தப் பரிசோதனையை அலட்சியம் செய்யவும் முடியாது. பிறப்புறுப்புக் காசநோய் சத்தமில்லாமல் கருக்குழாயை அடைத்துவிடும். இருமல் இருக்காது, சளி இருக்காது. கணவருக்கு விந்துப் பரிசோதனையை அவர் வேலை பார்க்கும் ஊரிலேயே செய்துகொள்ளலாம். செலவு குறைந்த, வலியில்லாத முதல் சோதனை அதுதான். குழந்தையின்மையில் ஏறக்குறைய பாதியில் ஆணின் பங்கும் இருக்கிறது. ஆனாலும் பெண்ணைத்தான் முதலில் மருத்துவமனைக்கு இழுத்துப் போகிறோம்.

ஏ.எம்.எச். என்ற இரத்தப் பரிசோதனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். முட்டையின் இருப்பு குறைந்துவிட்டது என்று எண்ணைக் காட்டினால் எந்தப் பெண்ணுக்கும் கை நடுங்கும். ஐ.வி.எஃப். ஊசிக்குச் சினைப்பை எப்படி ஈடுகொடுக்கும் என்பதற்கு அது உதவும். இயற்கையாகக் கரு உண்டாகுமா என்று அது சொல்லாது. 2017-இல் அமெரிக்க மருத்துவ சங்க இதழில் வந்த ஆய்வு, 30 முதல் 44 வயதுள்ள பெண்களில் ஏ.எம்.எச். குறைந்தவர்களும் மற்றவர்களைப் போலவே கருத்தரித்தார்கள் என்று காட்டியது.

வயது மட்டும் காத்திருக்காது. முப்பத்தைந்தைத் தாண்டிய பெண் ஆறு மாதம் முயன்று பார்த்துவிட்டு மருத்துவரிடம் போய்விட வேண்டும். மாதவிடாய் ஒழுங்கில்லாதவர்களும், முன்பு காசநோயோ இடுப்பெலும்புப் பகுதியில் அறுவை சிகிச்சையோ ஆனவர்களும் அதுவரைகூடக் காத்திருக்கத் தேவையில்லை. கல்ஃபில் இன்னும் ஐந்து வருடம் என்று திட்டமிடுபவர்கள் இதை வீட்டுக்கடன் தவணையோடு சேர்த்துப் பேசியாக வேண்டும்.

வழிகள் இல்லாமல் இல்லை. கணவரின் விந்தணுவை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறையவைத்து, அவர் இல்லாத மாதங்களில் அதை நேரடியாகக் கருப்பைக்குள் செலுத்தும் ஐ.யூ.ஐ. செய்யலாம். உறைந்த விந்தணுவால் மனிதக் கரு உண்டானது 1953-இலேயே நடந்துவிட்டது. இந்தியாவின் 2021-ஆம் ஆண்டுச் செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு பெற்ற மையத்தில், எழுத்துமூலச் சம்மதத்தோடு மட்டும் செய்ய வேண்டும். அதைவிட எளிய வழி மனைவி அங்கே போவது. அமீரகத்தில் குடும்ப விசாவுக்கு மாதச் சம்பளம் 4,000 திர்ஹாம், அல்லது தங்குமிடத்தோடு 3,000 திர்ஹாம் வேண்டும். அது கைக்கு எட்டாதவர்களுக்கு 60 நாள் சுற்றுலா விசா இருக்கிறது. டிக்கெட் செலவு அதிகம்தான். ஆனால் அந்த இரண்டு மாதத்தில் இரண்டு சுழற்சி கிடைக்கும். வருடாந்தர லீவின் ஒன்றோ இரண்டோ சேர்ந்தால், மூன்று வருடம் காத்திருந்து கிடைத்த நான்கு சுழற்சியில் மூன்றோ நான்குமோ ஒரே வருடத்துக்குள் வந்துவிடும்.