கண்ணுக்குள்ள ஒரு மின்னல்

எங்க பென்னாகரம் பக்கம் "கண்ணுல மின்னல் வெட்டுது, பூச்சி பறக்குது"ன்னு யாராவது சொன்னா, "பித்தம், இஞ்சிச் சாறு குடி"ன்னு பதில் வந்துடும். பித்தத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை.

கண்ணுக்குள் ஐந்தில் நான்கு பங்கு இடத்தை இளநுங்கு மாதிரி தெளிவான ஒரு கூழ் நிரப்பியிருக்கிறது. கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணீர்தான். ஐம்பது வயதைத் தாண்டும்போது அது நீர்த்துச் சுருங்கி, பின்னால் ஒட்டியிருக்கும் விழித்திரையை விட்டுப் பிரியும். பிரியும்போது திரையை இழுக்கும். விழித்திரைக்கு வலி தெரியாது. இழுத்தாலும் அழுத்தினாலும் அதுக்குத் தெரிஞ்ச ஒரே பதில் வெளிச்சம்தான். கண்ணை மூடி ஓரத்தில் லேசா அழுத்தினா ஒரு வளையம் தெரியுமே, அதே கணக்கு. அதனால்தான் இருட்டில் கண்ணைத் திருப்பும்போது பார்வையின் ஓரத்தில் பளிச்சுனு வெட்டுது.

பெரும்பாலோருக்கு இது சில வாரங்களில் குறைஞ்சுடும். ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு மட்டும் திரை கிழிகிறது. கிழிசல் வழியா நீர் இறங்கி, ஈரம் ஏறின சுவர்ல சுண்ணாம்பு உரியற மாதிரி திரை உரிய ஆரம்பிக்கும். எல்லாத்துக்கும் மூலம் அந்தக் கிழிசல்தான், அதை அடைச்சா பார்வையைக் காப்பாற்றலாம் என்று 1920-களில் நிரூபித்தவர் சுவிட்சர்லாந்து மருத்துவர் ஜூல்ஸ் கோனின். அதுவரை திரை விலகினால் அநேகமாகக் குருடுதான்.

கிழிசலோடு கண்டுபிடிச்சா சுற்றிலும் லேசர் போட்டு அன்றைக்கே வீட்டுக்கு வரலாம். எங்க பெரியப்பா பித்தம்னு ஒன்பது நாள் உட்கார்ந்திருந்தார். வலி இல்லையே, அதான். ஓரத்திலிருந்து கறுப்புத் திரை இறங்கின பிறகு சேலத்துக்குக் கூட்டிப்போய் ஆபரேஷன் பண்ணினோம். பார்வை பாதிதான் திரும்பியது.

எல்லா வெளிச்சமும் இதுவல்ல. ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு மினுமினுக்கும் கோணல்மாணல் கோடு மெல்லப் பெரிதாகி, இருபது முப்பது நிமிடத்தில் மறையும். அது மூளையின் வேலை; எந்தக் கண்ணை மூடினாலும் தெரியும். சட்டுனு எழுந்திருக்கும்போது கண்ணைக் கட்டுவது ரத்த அழுத்தம் இறங்குவதால்.

ஆனா ஒரு கண்ணில் புதுசா மின்னல், கூடவே கரும்புள்ளிகள் கொத்தா வந்தா, கிட்டப்பார்வைக்காரர், கண்புரை ஆபரேஷன் ஆனவர், கண்ணில் அடிபட்டவர் எல்லாம் இன்னும் சீக்கிரமா, அன்றைக்கே கிளம்பணும். கண்ணாடிக் கடை கம்ப்யூட்டர் சோதனை பவரைத்தான் சொல்லும். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ வேறு கண் ஆஸ்பத்திரியோ, கண்பாவையை விரிக்கிற சொட்டு மருந்து போட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்க. போட்டா சில மணி நேரம் மங்கலாத்தான் தெரியும், பைக்கை ஓட்ட கூட ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போங்க.