டச் போனை விட்டு பட்டன் போனுக்கு



"பேசாம பழையபடி பட்டன் போனுக்கே போயிடலாமான்னு பார்க்கிறேன்." மகளிர் குழுக் கூட்டத்திலும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசிக்குக் காத்திருக்கும் வரிசையிலும் இந்தப் பேச்சு இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. சொல்பவர் பாதி விளையாட்டாகத்தான் சொல்கிறார். பக்கத்தில் இருப்பவர், "அப்ப பேங்கு மெசேஜு, ஸ்கூல் குரூப்பெல்லாம் என்னாகும்?" என்று கேட்டதும் பேச்சு அதோடு நின்றுபோகிறது. நின்ற இடத்திலிருந்து அதைத் தொடர்ந்து பேசுவதற்காகவே இந்தப் பிரசுரம்.

முதலில் தூக்கத்தைப் பார்ப்போம். பொழுது சாய்ந்து இருட்டியதும் நம் மூளையில் மெலடோனின் என்ற சுரப்பு ஊறத் தொடங்குகிறது. "ராத்திரி ஆகிவிட்டது, படு" என்று உடம்புக்குச் சொல்வது அதுதான். கண்ணுக்கு நேரே வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தால் அது ஊறுவது தள்ளிப்போகிறது. ஆனால் வெளிச்சத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் காலத்து சினிமாவில் கடைசியில் "வணக்கம்" என்று போட்டு கொட்டகையில் விளக்கைப் போட்டுவிடுவார்கள். எழுந்து வீட்டுக்கு வந்துதான் ஆக வேண்டும். ரீல்ஸுக்கு வணக்கம் கிடையாது! ஒன்று முடிவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. பத்து மணிக்குப் படுத்தவர் பன்னிரண்டு மணிக்குக் கண் எரிச்சலோடு போனைக் கீழே வைக்கிறார். காலையில் தலைவலி, பிள்ளைகள் மேல் சள்ளென்று விழுதல், வேலையில் அசதி. இதற்கு மாத்திரை கேட்டு வருகிறவர்களும் உண்டு.

அடுத்தது கைக்குழந்தை உள்ள வீடு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1978-இல் அமெரிக்க மனநூல் அறிஞர் எட்வர்டு ட்ரானிக்கும் அவருடன் இருந்தவர்களும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். தாய் முதலில் தன் குழந்தையோடு வழக்கம் போலச் சிரித்து விளையாடுகிறாள். பிறகு சில நிமிடம் மட்டும் முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் குழந்தையைப் பார்த்தபடி இருக்கிறாள். குழந்தை என்ன செய்தது தெரியுமா? சிரித்துக் காட்டியது, கையை நீட்டியது, எப்படியாவது அம்மாவைத் திரும்ப அழைக்கப் பார்த்தது. ஒன்றும் நடக்கவில்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டது, வாடிப்போனது. தாய் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும்படி பின்னாளில் இதே மாதிரி செய்து பார்த்த ஆய்வுகளிலும் குழந்தைகள் வாடத்தான் செய்தன.

பால் கொடுக்கும்போது குழந்தை உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறது. நீங்கள் "ஊம்" என்றால் அதுவும் "ஊம்" என்கிறது. பேச்சு அங்கேதான் தொடங்குகிறது. தாய்க்கு மட்டும் இதைச் சொல்லவில்லை. வேலை முடிந்து வந்து குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கிரிக்கெட் பார்க்கிற தகப்பனாருக்கும் சேர்த்துத்தான். அதற்காக, போனை ஒரு தடவை எடுத்துப் பார்த்தாலே குழந்தை கெட்டுவிடும் என்று பயப்பட வேண்டாம். நாள் முழுக்க அப்படியே போவதைத்தான் தவிர்க்கச் சொல்கிறோம்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது இது: ஒரு வயது ஆகாத குழந்தைக்கு டி.வி., செல் எந்தத் திரையும் வேண்டாம். ஒன்றிலிருந்து இரண்டு வயது வரையிலும் தவிர்ப்பதே நல்லது. அதன் பிறகு நான்கு வயது முடியும் வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளை பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும். வாயைத் திறக்க மாட்டேன் என்கிற பிள்ளைக்குப் போனைக் காட்டி ஊட்டுவது நம் ஊரில் சகஜமாகிவிட்டது. வீட்டில் டச் போனே இல்லை என்றால் காக்காவைக் காட்டித்தான் ஊட்ட வேண்டும். காக்கா போதும்.

"போனை விட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2025-இல் பி.என்.ஏ.எஸ். நெக்சஸ் என்ற அறிவியல் இதழில் ஓர் ஆய்வு வந்தது. 467 பேருடைய போனில் இரண்டு வாரம் இணையத்தை மட்டும் அடைத்துவிட்டார்கள். பேசலாம், எஸ்.எம்.எஸ். அனுப்பலாம். அதாவது டச் போனையே பட்டன் போனாக்கிவிட்டார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மனநிலை, பொதுவான நிம்மதி, ஒரே விஷயத்தில் கவனம் நிறுத்தும் திறன் இவற்றில் ஏதாவது ஒன்றாவது முன்னேறியது. ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் போன் பார்த்தவர்கள் மூன்று மணிக்கும் கீழே வந்தார்கள். ஆனால் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சொன்ன நாட்களில் பெரும்பாலான நாள் அடைப்பை எடுக்காமல் இருந்தவர்கள் கால்வாசிப் பேர்தான். முழுக்க விடுவது கஷ்டம் என்பது இதிலேயே தெரிகிறது. ஆனாலும் பாதி விட்டவர்களுக்கும் பலன் இருந்திருக்கிறது.

ஆகவே, கடைக்குப் போய்ப் புதுப் போன் வாங்குவதற்கு முன் இருக்கிற போனிலேயே இரண்டு வாரம் டேட்டாவை நிறுத்தி வைத்துப் பாருங்கள். எது எது இல்லாமல் கை ஒடிந்தது போல் ஆகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள்தான் உங்களுக்கு வழிகாட்டி. செயலியில் ஆர்டர் பார்த்து வண்டி ஓட்டுகிறவர், போனிலேயே வியாபாரம் செய்கிறவர், வெளிநாட்டில் இருக்கும் கணவரிடம் வீடியோவில்தான் முகம் பார்க்க முடியும் என்கிறவர், இவர்களை மாறச் சொல்ல மாட்டோம். இவர்கள் படுக்கும் அறைக்கு வெளியே போனைச் சார்ஜ் போட்டாலே போதும். அலாரத்துக்கு ஒரு கடிகாரம் வாங்கிக்கொள்ளட்டும்.

பிடுங்குவது வேறு, விடுவது வேறு

மருமகள் ராத்திரி போன் பார்க்கிறாள் என்று மாமியார் குறை சொல்ல, மகன் அவள் போனை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, தான் மட்டும் திண்ணையில் உட்கார்ந்து வீடியோ பார்க்கிற வீடுகள் இருக்கின்றன. இதற்குப் பெயர் போனை விடுவது அல்ல. அந்தப் பெண்ணுக்குத் தாய் வீட்டோடு இருக்கும் தொடர்பு அந்தப் போன். கர்ப்பப் பதிவில் கொடுத்த எண்ணும், உதவித்தொகை ஏறியதா என்று பேங்கிலிருந்து மெசேஜ் வருகிற எண்ணும் அதில்தான் இருக்கும். வயசுப் பெண் கையில் போன் கூடாது என்று பிடுங்குவதும் இதே கதைதான். பையனுக்கு இல்லாத சட்டம் பெண்ணுக்கு எதற்கு?

மாறுவது என்றால் முதலில் மாற வேண்டியவர் வீட்டில் பெரியவர். மற்றவர்கள் தாங்களாக விரும்பி வர வேண்டும். யார் எந்தப் போன் வைத்திருந்தாலும், அவரவர் எண் அவரவர் கையில்தான் இருக்க வேண்டும். 108 ஆம்புலன்ஸும், பெண்களுக்கான 181-உம் பட்டன் போனிலிருந்தும் கூப்பிடக் கூடியவையே.

மாறுவதற்கு முன்

எண்ணை மாற்றாதீர்கள். இது மிக முக்கியம். ஆதார், பேங்கு, கேஸ், ரேஷன் அட்டை எல்லாம் அந்த எண்ணோடு சேர்ந்திருக்கின்றன. ஓ.டி.பி. எஸ்.எம்.எஸ். ஆகத்தான் வருகிறது. அதற்குப் பட்டன் போன் தாராளமாகப் போதும். கேஸ் சிலிண்டரையும் பதிவு செய்த எண்ணிலிருந்து கூப்பிட்டே புக் செய்யலாம்.

பணம் அனுப்ப, பேங்கில் பதிந்த எண்ணிலிருந்து *99# அடித்தால் இணையம் இல்லாமலே ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரை அனுப்பலாம். ரகசிய எண் அமைக்க டெபிட் கார்டு தேவைப்படும். பட்டன் போன்காரர்களுக்காகவே யு.பி.ஐ. 123பே என்ற ஏற்பாட்டை ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் தொடங்கி வைத்தது. உங்கள் பேங்கில் எப்படிச் செய்வது என்று நேரில் ஒரு தடவை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உண்மையைச் சொன்னால், கடையில் ஸ்கேன் செய்த வேகம் இதில் வராது. அவசரத்தில் வரி வரியாக அழுத்த வேண்டியிருக்கும். கையில் கொஞ்சம் சில்லறை வைத்துக்கொள்வதே சுலபம். பணம் நோட்டாகக் கையை விட்டுப் போகும்போது செலவும் கண்ணுக்குத் தெரியும்.

லிங்க் அனுப்பி ஏமாற்றுகிறவர்கள் தொல்லை பட்டன் போனில் குறையும். ஆனால் "பேங்கிலிருந்து பேசறோம், நம்பர் சொல்லுங்க" என்று கூப்பிடுகிறவன் பட்டன் போனுக்கும் கூப்பிடுவான். ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லக் கூடாது. பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் பேசுங்கள்.

பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழுதான் பல வீடுகளில் பெரிய முட்டுக்கட்டை. 2020-இல் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது படிப்புக்கென்று வீட்டுக்குள் வந்த போன், பள்ளி திறந்த பிறகும் பிள்ளை கையை விட்டுப் போகவில்லை. வகுப்பு ஆசிரியரிடம் நேரில் போய், "எங்க வீட்டுல பட்டன் போன்தாங்க, முக்கியமானதைக் கூப்பிட்டுச் சொல்லுங்க" என்று கேட்டுக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை அதே வகுப்பு என்றால் கவலையே இல்லை. அல்லது வீட்டில் ஒருவரிடம் மட்டும் டச் போன் இருக்கட்டும். அதில் தவறில்லை.

கடையில் பார்க்க வேண்டியவை: ஜியோ சிம் பழைய 2ஜி பட்டன் போனில் வேலை செய்யாது. அதற்கு 4ஜி பட்டன் போன் வேண்டும். ஆனால் 4ஜி பட்டன் போன்கள் சிலவற்றில் வீடியோவும் வரும். அதை வாங்கினால் மாறியதே வீண். உங்கள் சிம்மைப் போட்டு ஒரு தடவை பேசிப் பார்த்து, தமிழ் எஸ்.எம்.எஸ். தெரிகிறதா என்றும் பார்த்து வாங்குங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு என்றால் எழுத்தும் பட்டனும் பெரிதாக, மணி உரக்கக் கேட்பதாக, டார்ச் உள்ளதாக இருக்கட்டும். உறவுக்காரர் எண்களையெல்லாம் முதலில் ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். போனில் இருந்த எண்கள் அத்தனையும் சிம்மோடு வந்துவிடும் என்று நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம்.

முதல் சில நாள் கை தானாக இடுப்பையும் பையையும் தேடும். பஸ்ஸுக்கு நிற்கும்போது பொழுது போகாது, சிடுசிடுப்பு வரும். பழக்கம் மாறும்போது இது இயற்கை. ராத்திரி அந்த நேரத்துக்கு வேறொரு வேலை வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம். பிள்ளைகளோடு பல்லாங்குழியோ, வாசலில் நாலு பேரோடு பேச்சோ, எதுவானாலும் சரி. ஆனால் போனை விட்டு வாரக்கணக்கில் ஆகியும் தூக்கம் வரவில்லை, மனம் கனத்தே கிடக்கிறது என்றால் காரணம் போன் மட்டும் இல்லை. பிரசவமான தாய்க்கு அப்படி இருந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் தள்ளிப்போடாமல் சொல்ல வேண்டும். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது.

பழைய போனை விளையாட்டுச் சாமானாகக் குழந்தையிடம் கொடுத்துவிடாதீர்கள். பேட்டரி உப்பியிருந்தால் குத்தவோ அமுக்கவோ கூடாது. விற்பதானால் படங்களை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு, பேங்கு செயலிகளை நீக்கி, போனில் உள்ளதை முழுக்க அழித்த பிறகே கடைக்காரர் கையில் கொடுக்கவும்.