தீம் பார்க்கில் 'ஸ்பைசி நூடுல்ஸ்'... கூடவே கூல்டிரிங்க்ஸ் வாங்கலாமா? வாய் ஏன் எரிகிறது, எது அணைக்கும்?

பள்ளிக்கு லீவு விட்டாச்சு. கீழ்க்கட்டளையில் இருந்து காலையிலேயே கிளம்பினால், 200 அடி ரேடியல் சாலையில் துரைப்பாக்கம் போய் ஓ.எம்.ஆரைப் பிடித்துவிடலாம். தாம்பரம் சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்கு 90-களில் கிஷ்கிந்தா எப்படியோ, இப்போது திருப்போரூர் அருகே இள்ளலூரில் 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லா அப்படி. ஈ.சி.ஆர் பக்கம் போனால் வி.ஜி.பி, எம்.ஜி.எம் இருக்கின்றன.

எங்கே போனாலும் ஒரு விஷயம் பெரும்பாலும் மாறாது. வீட்டில் கட்டிக்கொண்டு வந்த தயிர் சாதத்தை கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். மதியம் பசிக்கும்போது உள்ளே இருக்கும் ரெஸ்டாரன்ட்தான் கதி. மெனு போர்டில் மிளகாய் படம் போட்ட செஷ்வான் நூடுல்ஸையோ, கொரியன் ஸ்பைசி நூடுல்ஸையோ பார்த்ததும் 'ஆந்திரா ஊறுகாயே சாப்பிடறோம், இது என்ன பெருசா?' என்று பிள்ளைகள் கேட்பார்கள். பக்கத்திலேயே கூல்டிரிங்க்ஸ் காம்போ இருக்கும். சிக்கல் ஆரம்பிப்பது அங்கேதான்.

எரிவது நாக்கு அல்ல, நரம்பு

காரம் என்பது இனிப்பு, புளிப்பு போல ஒரு சுவையே அல்ல. அது வலி. மிளகாயில் உள்ள கேப்சைசின் என்ற பொருள், வாயில் உள்ள நரம்பு முனைகளில் டி.ஆர்.பி.வி.1 என்ற ஏற்பியைத் திறந்துவிடுகிறது. சூட்டை உணர்வதற்காக இருக்கும் ஏற்பி அது. சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால்தான் வழக்கமாகத் திறக்கும். கேப்சைசின் பட்டால் சூடே இல்லாமல் திறந்து, 'வாய் வேகுது' என்று மூளைக்குத் தகவல் அனுப்பும். வியர்வை, மூக்கில் தண்ணீர், கண்ணீர் எல்லாம் அந்தப் பொய்த் தகவலுக்கு உடம்பு செய்யும் ஏற்பாடுகள். 1997-ல் இந்த ஏற்பியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்து வழங்கப்பட்டது.

இதனால்தான் ஆவி பறக்கும் நூடுல்ஸ், ஆறிய நூடுல்ஸைவிடக் காரமாகத் தெரிகிறது. மிளகாயும் சூடும் ஒரே கதவைத் தட்டுகின்றன.

நம்ம ஊர் காரம் பழகியவர்களுக்கு?

தினமும் மிளகாய் சாப்பிடுபவர்களுக்கு இந்த நரம்புகள் ஓரளவு மரத்துப்போகும் என்பது உண்மை. ஆனால் வீட்டுச் சாப்பாட்டில் காரம் தனியாக வருவதில்லை. காரக்குழம்பு என்றால் நடுவில் சாதம் இருக்கும், கடைசியில் மோரோ தயிரோ வரும். இலைச் சாப்பாட்டின் வரிசையிலேயே மருந்து இருக்கிறது. ஸ்பைசி நூடுல்ஸில் அது கிடையாது. எண்ணெயில் குழைத்த சாஸ் ஒவ்வொரு இழையிலும் ஒட்டி, உதட்டில் இருந்து தொண்டை வரை பூசிக்கொண்டே இறங்கும்.

காரத்தை அளக்க 1912-ல் வில்பர் ஸ்கோவில் என்ற அமெரிக்க மருந்தாளுநர் உருவாக்கிய அளவுகோலில், கொரியாவின் புல்டாக் நூடுல்ஸ் சாதா வகை சுமார் 4,400. '3 மடங்கு காரம்' வகை சுமார் 13,000. குண்டூர் மிளகாய் 30,000-ஐத் தாண்டும். அப்படியானால் நூடுல்ஸ் ஒன்றுமே இல்லையே என்று தோன்றலாம். குண்டூர் மிளகாயின் எண், தனி மிளகாய்க்கானது. அதில் நாலைந்தைக் கிள்ளிப் போட்டு ஒரு பாத்திரம் சாம்பார் வைக்கிறோம். அதை அப்படியே மென்று தின்பவர்கள் யாரும் இல்லை.

டென்மார்க் ஏன் தடுத்தது?

2024 ஜூனில் டென்மார்க் உணவுத் துறை, புல்டாக் நூடுல்ஸில் 3 வகைகளைக் கடைகளில் இருந்து திரும்பப் பெறச் சொன்னது. ஒரே பாக்கெட்டில் உள்ள கேப்சைசின் உடனடி பாதிப்பு ஏற்படுத்தும் அளவு அதிகம், குறிப்பாகக் குழந்தைகளுக்கு ஆபத்து என்பது அந்தத் துறை சொன்ன காரணம். அடுத்த மாதமே மறுஆய்வு செய்து 2 வகைகளுக்கு அனுமதி கொடுத்தது. 3 மடங்கு காரம் மட்டும் தடையிலேயே நின்றது.

நம் ஊரில் பலர் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். ஆனால் குழந்தைகள் விஷயத்தில் கணக்கு எளிது. 60 கிலோ எடையுள்ள அப்பாவும் 20 கிலோ எடையுள்ள மகளும் ஆளுக்கு ஒரு பிளேட் சாப்பிட்டால், எடைக்கு ஏற்பப் பார்க்கும்போது மகளுக்குப் போவது 3 மடங்கு. 2023 செப்டம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில், சவாலுக்காக அதீதக் காரமுள்ள ஒரே ஒரு சிப்ஸ் சாப்பிட்ட 14 வயதுச் சிறுவன் இறந்தான். அவனுக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு இருந்தது பிரேதப் பரிசோதனையில் தெரியவந்தது. அந்தச் சிப்ஸும் ரெஸ்டாரன்ட் நூடுல்ஸும் ஒன்றல்ல. ஆனாலும் 'யார் முதல்ல முடிக்கிறாங்க பார்ப்போம்' என்ற போட்டியைப் பிள்ளைகளிடம் வைக்காமல் இருப்பது நல்லது.

தண்ணியா, கோலாவா, லஸ்ஸியா?

தண்ணீர் உதவாது. கேப்சைசின் எண்ணெயில்தான் கரையும், தண்ணீரில் கரையாது. 2019-ல் வெளியான பென்சில்வேனியா மாகாணப் பல்கலைக்கழக ஆய்வில் தண்ணீர், கோலா, சோடா, பால், இனிப்பான பழச்சுவை பானம் ஆகியவற்றை ஒப்பிட்டார்கள். முன்னால் நின்றவை பாலும் அந்த இனிப்பு பானமும்தான். கொழுப்பு நீக்கிய பாலும் முழுப் பாலுக்குச் சமமாக வேலை செய்தது. பாலில் உள்ள கேசீன் என்ற புரதம் கேப்சைசினைப் பிடித்து இழுத்துவிடுவதாகக் கருதப்படுகிறது. கேஸ் போட்ட பானங்கள் சோபிக்கவில்லை. ஆக, அந்தக் காம்போவில் வரும் கோலா தப்பான ஜோடி. அதே காசுக்கு லஸ்ஸி, மோர், ரோஸ் மில்க் கிடைத்தால் அதை வாங்கலாம். குடித்ததும் உடனே விழுங்காமல் சில நொடிகள் வாயில் வைத்திருக்க வேண்டும்.

சாப்பிட்டதும் ரைடு ஏறலாமா?

சுற்றும் ராட்டினத்தில் கண் சொல்வதும் உள்காது சொல்வதும் ஒத்துப்போகாததால்தான் குமட்டல் வருகிறது. வயிறு நிறைய எண்ணெய்க் காரம் இருந்தால் அது எதுக்களித்து மேலே வரவும் வாய்ப்பு அதிகம். தலைகீழாகச் சுற்றும் ரைடுகளைக் காலையிலேயே முடித்துவிட்டு, பிறகு சாப்பிடுவதுதான் சரியான வரிசை. சாப்பிட்ட பின் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

அலைக்குளத்துக்குப் போகும் முன் கையை சோப்பு போட்டுக் கழுவணும். வெறும் தண்ணீரில் சாஸ் போகாது, அதே கையால் பிள்ளைகள் கண்ணைக் கசக்குவார்கள். கண்ணில் பட்டுவிட்டால் நல்ல தண்ணீரில் தொடர்ந்து கழுவ வேண்டும். மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, உதடு வீங்குவது, நிற்காத வாந்தி என்றால் லஸ்ஸி தேடிக்கொண்டிருக்காமல் பார்க்கின் முதலுதவி அறைக்குப் போகணும், அல்லது 108-ஐ அழைக்கணும்.

இன்னொன்று, இது பலரும் வெளியில் சொல்லாதது. வாயில் உள்ள அதே ஏற்பி குடலின் கடைசி வரை இருக்கிறது. செரிக்காமல் மிஞ்சிய கேப்சைசின் அங்கேயும் தன் வேலையைக் காட்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டவர்களுக்கு, திங்கள்கிழமை காலை ஆபீஸ் கிளம்பும் நேரத்தில் அது தெரியவரும்.