பூக்குடலையோடு போன பையன்

பல இழைகளில் ஓடும் நாவலை எடுத்தவர்கள் நூறு பக்கத்துக்குள் சலித்துக்கொள்வதுண்டு: யாருக்கு யார் என்ன உறவு என்றே பிடிபடவில்லை, எழுதியவர் வேண்டுமென்றே குழப்புகிறார் என்று. கடைசியில் எல்லாம் சேர்ந்துவிடும் என்று அவர்களைச் சமாதானப்படுத்துவார்கள். அது போதாது. சேர்ப்பது பெரிய காரியமில்லை. எல்லோரையும் ஒரே கல்யாணத்துக்கு அழைத்துவிட்டால் சேர்ந்துவிடுவார்கள். சேர்ந்த பிறகு, ஏற்கெனவே படித்த பக்கங்கள் வேறாகத் தெரிகின்றனவா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

1950 அக்டோபர் முதல் 1954 மே வரை கல்கி இதழில் வந்த, கல்கி எழுதிய 'பொன்னியின் செல்வ'னை எடுத்துக்கொள்வோம். ஓலையோடு அலையும் வந்தியத்தேவன் ஓர் இழை, நந்தினியின் பழி இன்னோர் இழை, இலங்கையில் அருள்மொழிவர்மன் மற்றொன்று. இவற்றின் நடுவே, தஞ்சையில் பூமாலை கட்டும் சேந்தன் அமுதனும் அவனுடைய ஊமைத் தாயும் முதல் பாகத்திலேயே வந்துவிடுகிறார்கள். வந்தியத்தேவன் தங்க ஒரு வீடு வேண்டுமே, அதற்காக வந்தவர்கள் என்றுதான் தோன்றும். ஐந்தாம் பாகத்தில் (கதை தெரியாதவர்கள் அடுத்த பத்திக்குப் போய்விடலாம்) அமுதன்தான் சோழ மன்னர் கண்டராதித்தரின் மகன் என்று தெரிகிறது. அரண்மனைச் சூழ்ச்சிகளையே நாம் பார்த்துக்கொண்டிருந்தபோது, அரியணைக்கு உரியவன் பூக்குடலையோடு நம்மைக் கடந்து போயிருக்கிறான். தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால் அது வெறும் தகவல். பிறகு தெரிவதால், நாமும் அவனைப் பொருட்படுத்தவில்லையே என்ற குறுகுறுப்பு சேர்ந்துகொள்கிறது.

மேனாம்பேட்டிலிருந்து கிளம்பி, அம்பத்தூரில் ரயில் பிடித்து வேலைக்குப் போகிறவருக்கு இத்தனை பேரை நினைவில் வைக்க முடியுமா என்று கேட்கலாம். வாரம் ஒருமுறையாக மூன்றரை ஆண்டு படித்தவர்களும் வேலைக்குப் போனவர்கள்தான். ஆனால் அவர்களுக்கு இதழில் மணியம் வரைந்த ஓவியங்கள் முகங்களை நினைவூட்டின. இன்றைய நாவலில் அந்த உதவி கிடையாது. கடைசித் தாளில் பெயர்களைப் பென்சிலால் குறித்துக்கொள்வதில் வெட்கமில்லை. வாழ்க்கையில் இப்படியெல்லாம் சேருமா என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். கல்கி தற்செயலை அளவுக்கு மீறியே நம்புகிறார். ஒட்டுக்கேட்காத ஆள் அந்த நாவலில் குறைவு. ஆனால், இழைகள் சேர ஆட்கள் சந்தித்தே ஆக வேண்டுமென்பதில்லை. ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' (1997) முதல் பகுதியில் ஓங்கி நிற்கும் கோயில் நகரத்தைக் காட்டிவிட்டு, இரண்டாம் பகுதியில் பல தலைமுறை பின்னே போகிறது. மூன்றாவதில் நகரத்தின் அழிவுக்கு வருகிறது. இந்த மூன்று காலத்து ஆட்களும் ஒருவரையொருவர் பார்க்கவே வழியில்லை. ஒரு காலத்தில் ரத்தமும் சதையுமாக இருந்தவர்கள் இன்னொரு காலத்தில் புராணமாகிவிடுகிறார்கள். அந்த மனிதரையும் அவரைப் பற்றிய புராணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு அந்த நகரவாசிகள் யாருக்கும் இல்லை. புத்தகத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு மட்டும் இருக்கிறது.